அக்காவின் கட்டமும் என் கட்டமும்

என் அக்காவின் கல்யாணத்தைக் கெடுக்க வெளியாட்கள் யாரும் தேவைப்படவில்லை. கூடப் பிறந்தவள் நான் ஒருத்தியே போதுமானவளாக இருந்தேன். பொறாமையாலோ கோபத்தாலோ செய்தேன் என்றாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு மரியாதையாக, ஒன்றுவிடாமல், உண்மையான பதில் சொல்லியே கெடுத்தேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரிக்கு வரி உண்மை பேசி மாட்டிக்கொண்டவள் எனக்குத் தெரிந்து நான் மட்டும்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தேன். (முடித்தேன் என்பதை விட, கணிதம் என்னை விட்டால் போதுமென்று அனுப்பிவைத்தது என்பதே சரி.) புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடையின் மாடியில், புதிதாக ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் திறந்திருந்தார்கள். அங்கே எனக்கு வேலை கிடைத்தது.

வேலை இதுதான். கோழிப்பண்ணைகளில் கேமரா மாட்டியிருப்பார்கள். அது எடுத்த படங்கள் எங்களுக்கு வரும். படத்தில் தெரிகிற ஒவ்வொரு கோழியையும் சுற்றி மவுஸால் ஒரு சதுரம் இழுத்து, அது எப்படிப்பட்ட கோழி என்று பெயர் கொடுக்க வேண்டும். இப்படி நாங்கள் பெயர் கொடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் பழகிக்கொள்ளும். பிறகு எந்தக் கூண்டில் எந்தக் கோழிக்கு உடம்பு சரியில்லை என்பதை அதுவே சொல்லிவிடும். நாமக்கல் பக்கம் வீட்டில் ஒருவருக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துப் படுக்கச் சொல்வார்கள். கோழி ஒன்று தலையைத் தொங்கப்போட்டால் டாக்டருக்குப் போன் போகும். அதனால் இந்த வேலையின் முக்கியத்துவத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சதுரத்துக்கு இங்கிலீஷில் ஏதோ பெரிய பெயர் உண்டு. நாங்கள் 'கட்டம்' என்றோம். எங்கள் சூப்பர்வைசர் யுவராஜ் அண்ணன் எல்லாருக்கும் புரியட்டும் என்று சாப்ட்வேரில் கோழியின் பெயர்களையும் தமிழிலேயே ஏற்றியிருந்தார். ஒன்றாம் எண்ணை அழுத்தினால் நல்ல கோழி. இரண்டு, நோய்க்கோழி. மூன்று, செத்த கோழி. நான்கு, முட்டை. கண்ணை மூடி, கழுத்தை உள்ளே இழுத்து, குன்றி உட்கார்ந்திருந்தால் அது நோய்க்கோழி. கட்டம் கோழியை ஒட்டி இருக்க வேண்டும், ஓர் இறகு வெளியே நிற்கக் கூடாது. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை செக்கிங். தப்பான கட்டமெல்லாம் அன்றைக்குச் சிவப்பாகத் திரும்பி வரும்.

ஆபீசில் நாள் முழுக்க இதே பேச்சுதான். "உன் கட்டம் சரியில்லை", "இந்தக் கட்டத்தை யார் போட்டது", "கட்டத்தை மாத்து". கேட்டுக் கேட்டு, தமிழ்நாட்டில் 'கட்டம்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதுவும் எங்கள் வீட்டில் அந்த இன்னொரு கட்டத்தால்தான் நான்கு வருடமாகத் தூக்கம் போயிருந்தது என்பதை நினைத்தால், என் மூளையை எந்த எண்ணின் கீழ் சேர்ப்பது என்றே தெரியவில்லை.

அக்கா மேகலா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ராசிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது, அவ்வளவு நிதானமான கை. அவளுக்கு வந்த நான்கு வரன்கள் வரிசையாக ஜாதகத்தில் தட்டிப்போயின. ஒவ்வொரு தடவையும் புரோக்கர் வந்து, "கட்டம் ஒத்து வரலீங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போவார். நான்காவது தடவைக்குப் பிறகு அக்கா புதுப் புடவை எடுப்பதை நிறுத்திவிட்டாள். ஐந்தாவதாகத் தம்மம்பட்டியிலிருந்து வந்த வரன்தான் அத்தனை பொருத்தமும் கூடி வந்தது. சுத்த ஜாதகம், செவ்வாய் தோஷம் கிடையாது என்று அவர்கள் ஊர் ஜோசியர் மகிழ்ந்து சொன்னாராம்.

இதில் ஒரு சின்ன விஷயம். அக்காவின் பழைய ஜாதக நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. அதனால் இந்த வரனுக்கு ராசிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிறந்த தேதியும் நேரமும் கொடுத்து, புதிதாகப் பிரிண்ட் எடுத்து அனுப்பியிருந்தோம். அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சரவணன் ஆத்தூரில் டிராக்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா குச்சிக்கிழங்கு விவசாயி. கூட மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். அக்காவும் மாப்பிள்ளையும் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படியில் பஜ்ஜியோடு இருந்தாள். வாசலில் நிறுத்தியிருந்த மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரைகளின் கார், முட்டை வண்டி ஒன்றுக்கு வழி மறிக்கிறது என்று ஆரன் அடித்தார்கள். அப்பாவும் புரோக்கரும் அதைத் தள்ளி நிறுத்தப் போனார்கள். கூடத்தில் நானும் மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும் மட்டும். விதி இவ்வளவு அக்கறையாக ஆட்களை நகர்த்தி வைத்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

"பாப்பா என்ன வேலை பாக்குது?" என்று கேட்டார் பெரியவர்.

என் வேலையைப் பற்றி அதுவரை சொந்தக்காரர் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கம்ப்யூட்டர்ல கட்டம் போடறனுங்க மாமா."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படியா? ஒரு நாளைக்கு எத்தனை போடுவ?"

"முன்னெல்லாம் ஐநூறுங்க. இப்பக் கை பழகிருச்சு. எண்ணூறு வரைக்கும் போடறனுங்க."

"எண்ணூறா? எங்க ஊர்ல ஒருத்தரு ஒன்னு போடறதுக்கே அரை நாள் எடுத்துக்குவாரே."

"கையில போட்டா அப்படித்தானுங்க மாமா. கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு தட்டுனா முடிஞ்சுது."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார். "கட்டம் சரியில்லாம இருந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"அது ஒன்னுமில்லீங்க அத்தை. ஓரத்தைப் புடிச்சு நமக்கு வேணுங்கற பக்கம் இழுத்துக்கலாமுங்க. மாத்துனதே தெரியாது."

"அப்படி மாத்தலாமா?"

"எல்லாரும் மாத்தறதுதானுங்க."

"செவ்வாய் வந்துட்டா?" என்றார் அத்தை, குரலைத் தாழ்த்தி.

நான் சிரித்தேன். (இந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.) "செவ்வாய்க்கெல்லாம் பயப்பட மாட்டமுங்க அத்தை. செவ்வாய் வர்றதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சிருவோம். பாக்கறவங்களுக்குச் சுத்தமா இருக்கும்."

பிறகு பெரியவர் மிக மெதுவாகக் கேட்டார். "உங்க அக்காவுக்கும் நீதான் போட்டியா பாப்பா?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டு லேப்டாப்பில் அந்த சாப்ட்வேரை ஏற்றி, அக்காவின் போட்டோவை வைத்துத்தான் பழகினேன். அதை எப்படித் தெரிந்துகொண்டார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு விசாரித்து வந்திருக்கிறார்களே என்று பெருமையாகவும் இருந்தது.

"ஆமாங்க மாமா. மொதல்ல பழகுனதே அக்காவை வெச்சுத்தான். அக்காவுக்கு மட்டும் சரியாவே வரலீங்க. எத்தனையோ தடவை அழிச்சு அழிச்சுப் போட்டேன். கடைசியிலதான் அம்சமா அமைஞ்சுது."

பஜ்ஜி வந்தது. அவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கார் மறைந்ததும் நான் அப்பாவிடம், "நல்ல மனுசங்கங்கப்பா. நம்மளப் பத்தி எவ்வளவு அக்கறையா விசாரிச்சாங்க" என்று வேறு சொன்னேன்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அக்கா என்னிடம் பேசினாள். மாப்பிள்ளைக்குப் பல்லி என்றால் பயமாம். பின்னால் தெரிந்து ஏமாற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். தொட்டியடியில் நிஜமாகவே ஒரு பல்லி வர, டிராக்டர் இன்ஜினையே தூக்குகிற மனுசன் அக்காவின் பின்னால் போய் நின்றுகொண்டாராம். இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை புரோக்கர் போன் செய்தார். அப்பா எப்போதும் போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, பொண்ணு புடிச்சிருக்குதாமாங்க. ஊடும் புடிச்சிருக்குதாமா. ஆனா சாதகந்தான் போலியாட்ட இருக்குதுன்னு வேண்டாங்கறாங்க."

"போலியா? அப்படின்னு ஆருங்க சொன்னது?"

"உங்க சின்னப் பொண்ணேதான் சொல்லுச்சாமாங்க."

பிறகு அவர் நான் சொன்னதை எல்லாம் வரிசையாக ஒப்பித்தார். ஒரு நாளைக்கு எண்ணூறு ஜாதகம் தயார் செய்கிறேன். கட்டம் மோசமாக இருந்தால் கிரகத்தை வேண்டிய பக்கம் இழுத்து வைக்கிறேன். செவ்வாய் தோஷத்தை முன்கூட்டியே துடைத்துவிடுகிறேன். அக்காவின் ஜாதகத்தை மட்டும் பலமுறை அழித்து அழித்துத் திருத்தினேன். வந்ததும் கம்ப்யூட்டர் பிரிண்ட், தங்கச்சி செய்வதும் கம்ப்யூட்டரில் கட்டம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அப்பா என்னைப் பார்த்தார். "இதெல்லாம் நீ சொன்னியா சாமி?"

"சொன்னனுங்கப்பா. ஆனா அது கோழிக்குங்க."

"கோழிக்கு எதுக்கு சாமி சாதகம்?" என்றாள் அம்மா.

அக்கா என்னைத் திட்டவே இல்லை. "அவங்க கேட்டாங்க, நீ சொன்ன. உடு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கட்டிய புடவையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள். நான்கு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதைத் தாங்க முடியாமல் அழுதேன்.

அப்பா தம்மம்பட்டிக்குப் போன் போட்டு விளக்கப் பார்த்தார். 'கோழியைச் சுற்றிச் சதுரம்' என்று போனில் சொல்லிப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய பொய்யாகக் கேட்கும் என்று புரியும். பெரியவர், "பரவாயில்லைங்க, விடுங்க" என்று மரியாதையாக வைத்துவிட்டார். நேரில் போய்ச் செய்தே காட்டிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். வீட்டு லேப்டாப் அதற்குள் படுத்துவிட்டிருந்ததால் யுவராஜ் அண்ணனிடம் ஆபீஸ் லேப்டாப் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போ. ஆனா பண்ணைக்காரங்க கோழிப் படம் ஒன்னுகூட வெளிய போகக் கூடாது. அதையெல்லாம் எடுத்துட்டு வெறும் சாப்ட்வேரைத் தாரேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். "சுருக்கமாப் பேசு" என்று மட்டும் சொன்னாள். ராசிபுரத்தில் இறங்கி வண்டி மாறி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, நாமகிரிப்பேட்டை, மங்களபுரம் என்று வழி நெடுக, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

தம்மம்பட்டியில் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். மாப்பிள்ளையும் இருந்தார். பெரியவர் நாற்காலியில் சாய்ந்து, "சொல்லு பாப்பா" என்றார்.

"என்ற கட்டம் வேறங்க மாமா. சாதகக் கட்டம் இல்லீங்க. படத்துல இருக்கறதைச் சுத்திப் போடறதுங்க. ஏதாச்சும் ஒரு படம் குடுத்தீங்கன்னா போட்டே காட்டறேன்."

மாப்பிள்ளை தன் போனிலிருந்து ஒரு படத்தை ஏற்றிக் கொடுத்தார். அவருடைய அக்கா மகளுக்குக் காது குத்தியபோது எடுத்த குடும்பப் படம். பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் பெரியவர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் இருப்பவரிடமிருந்து தொடங்குவதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியது. எல்லாரும் எட்டிப் பார்க்க, என் தொழில்திறமை முழுவதையும் காட்டி, துண்டின் நுனிகூட வெளியே நிற்காதபடி அவரைச் சுற்றி ஒரே இழுப்பில் ஒரு கட்டம் போட்டேன்.

அந்த சாப்ட்வேருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் கடைசியாக எந்தப் பெயரைக் கொடுத்தோமோ, அடுத்த கட்டத்துக்கும் அதையே கொடுக்கும். முந்தின நாள் முழுக்க அதே லேப்டாப்பில்தான் நான் சளி பிடித்த ஒரு கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவரின் தலைக்கு மேலே, சிவப்பில், யுவராஜ் அண்ணன் எல்லாருடைய கண் வசதிக்காகவும் பெரிதாக்கி வைத்திருந்த எழுத்தில், 'நோய்க்கோழி' என்று வந்தது.

அவசரமாக மாற்றப் போனேன். ஒன்றாம் எண்ணை அழுத்தப் போன விரல் மூன்றில் விழுந்தது. பெரியவரின் தலைக்கு மேலே 'செத்த கோழி' என்று மாறியது.

"மூடிரு சாமி" என்றார் அப்பா. அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. நான் மூடினேன். அக்காவுக்கு என்ன சொல்வது என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

"மூடாத. திற" என்றார் பெரியவர். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். "இதுல மொத்தம் என்னென்ன பேரு இருக்கு?"

"நாலுதானுங்க மாமா. நல்ல கோழி, நோய்க்கோழி, செத்த கோழி, முட்டை."

"ராசி, லக்கினம் எதுவும் கிடையாதா?"

"இல்லீங்க."

"அப்ப அன்னைக்கு செவ்வாய் செவ்வாய்னு சொன்னியே?"

"செவ்வாய்க்கெழமை செக்கிங்குங்க மாமா. தப்பாப் போட்டா அன்னைக்குத்தான் திட்டு விழும்."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, பொட்டி என்னைய எதுக்கு நோய்க்கோழின்னு சொல்லுச்சு?"

பொட்டி ஒன்றும் சொல்லவில்லை, பழைய பெயர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சுருக்கமாகப் பேசு என்று அக்கா சொல்லியிருந்ததும் ஞாபகம் வந்தது. ஆனால் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் முழு விவரமும் சொல்லும் வியாதி எனக்கு. "கண்ணு மூடியிருந்து, கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு, குன்னி உக்காந்திருந்தா அந்தப் பேருதானுங்க போடணும்" என்றேன். படத்தில் அவர் அச்சு அசல் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

அத்தை இடுப்பில் கை வைத்தார். "பாப்பா சரியாத்தான் போட்டிருக்கு. அன்னைக்கு உங்களுக்கு அனலாக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ஒன்னுமில்லைன்னு துண்டைப் போத்திக்கிட்டு போட்டோவுக்கு உக்காந்தீங்க. எனக்குத் தெரிஞ்சுது, பாப்பாவுக்குத் தெரிஞ்சுது, உங்களுக்குத் தெரியலை."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அத்தை. அப்பா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மோர் டம்ளரைக் குடித்துக்கொண்டே இருந்தார், அதில் மோர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பெரியவர் மட்டும் சிரிக்காமல் நாற்காலிக்குத் திரும்பினார்.

"மொதல்ல என்னை நல்ல கோழியா மாத்து. அப்புறம் மத்ததைப் பேசலாம்."

இரண்டு கையாலும் குறி பார்த்து ஒன்றாம் எண்ணை அழுத்தினேன். அவர் எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "எங்க மேலயும் தப்பு இருக்குங்க. போன்ல நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும். முகூர்த்தத்துக்குத் தேதி பாருங்க" என்றார். அப்பா காலி டம்ளரோடு எழுந்து நின்று கும்பிட்டார். நான் வெளியே ஓடிப் போய் அக்காவுக்குப் போன் செய்தேன். சுருக்கமாகத்தான் பேசினேன். "சரின்னுட்டாங்க" என்றேன். "அவரோட அப்பாவை என்ன பண்ணுன? இப்பத்தான் அவரு மெசேஜ் அனுப்புனாரு, கோழி கோழிங்கறாரு, ஒன்னும் புரியலை" என்றாள். ஒருவழியாகச் சிரித்தாள், பாதியில் அழவும் செய்தாள்.

கல்யாணம் நடந்து இப்போது அக்காவுக்கு இரண்டு குழந்தைகள். அந்த வீட்டில் யாராவது இரண்டு தும்மல் போட்டால், "ரெண்டாம் நம்பர்" என்பார்கள். தம்மம்பட்டி மாமாவுக்கு மருந்து மாத்திரை என்றாலே ஆகாது. ஆனால் என் பெயரைச் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார் என்று அத்தைக்கு ஏக சந்தோஷம்.

எனக்குத்தான் தண்டனை நிரந்தரமாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் பக்கத்துப் பெரியவராகத் தம்மம்பட்டி மாமாதான் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "பொண்ணு என்ன வேலைங்க பாக்குது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அத்தை, மாமா ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"டைப்பிங்குங்க."